பக்கத்து இருக்கைக் காகிதப் பை

அமெரிக்காவின் டொலிடோ நகரில் பள்ளி பஸ் ஓட்டும் பெர்னா கோவாக்ஸைப் பற்றி ஊருக்கே தெரிந்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, ஊரையே கூட்டும் அவள் தொண்டை. இன்னொன்று, அடுத்தவர் சமாச்சாரம் தெரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. எந்த வாசலில் யாருடைய கார் நிற்கிறது என்பதை ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே பார்த்துவிடுவாள்.

அந்த வருஷம் ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஹெரான்ஸுக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தான். சிரிக்கத் தெரியாத ஆள். அந்த ஆட்டத்தில் பந்தை முன்னே கொண்டுபோக ஓர் அணிக்கு நாலு வாய்ப்பு உண்டு. நாலாவதில் துணிந்து ஓடவிட மாட்டான், எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிடச் சொல்வான். ஆட்டத்துக்கு ஆட்டம் தோல்வி. ஒவ்வொரு உதைக்கும் பெர்னா எழுந்து, "இவன எவ பெத்தாளோ" என்று கத்துவாள். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற வால்ட் பின்வரிசையிலிருந்து ஒத்து ஊதுவான்.

அக்டோபருக்குள் ரசிகர்கள் மளிகைக்கடைக் காகிதப் பையில் இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். மானம் போகிற வருஷங்களில் அதுதான் வழக்கம். சாசேஜ் தின்னும்போது எல்லோரும் கழற்றுவார்கள். பெர்னாவின் பக்கத்து இருக்கைக்காரி மட்டும் பைக்கு அடியில் கையை விட்டுப் பிட்டுப் பிட்டுத் தின்றாள்.

யார் இவள்? எதிரணிக்காரியா? புருஷனிடம் பொய் சொல்லிவிட்டு வருகிறவளா? பெர்னாவுக்கு மண்டை காய்ந்தது.

"பேரென்னங்க?"

"சும்மா மேட்ச் பாக்க வந்தேங்க." அவ்வளவுதான் பதில்.

கடைசி ஆட்டத்தன்று ஈரப் பனி கொட்டியது. இதிலும் தோற்றால் பயிற்சியாளருக்குச் சீட்டு கிழிந்துவிடும் என்று ஊரே பேசிக்கொண்டது. பாதி ஆட்டம் தாண்டியபோது, ஊறிப்போன பை பிய்ந்து பக்கத்து இருக்கைக்காரியின் மடியில் விழுந்தது. நரைத்த தலை. ஆனால் அந்தத் தாடையும் இறுகிய வாயும் அப்படியே பயிற்சியாளருடையவை, டிவியில் பெர்னா தினமும் திட்டியவை.

"சீசன் பூரா கேட்டுட்டே இருந்தீங்களே," என்றாள் அவள் மெதுவாக. "நான்தான் பெத்தேன்."

பெர்னாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நனையாமல் கோட்டுக்குள் மடித்து வைத்திருந்த தன் பையை எடுத்து, மற்றவர்கள் பார்ப்பதற்குள் அவள் தலையில் மாட்டினாள். ஆனாலும் ஆர்வம் விடுமா?

"கோவிச்சுக்காதீங்க. அவரு ஏன் எப்பப் பாத்தாலும் உதைச்சே குடுத்துடறாரு?"

"எனக்கும் அதாங்க தெரியல. சின்ன வயசுல மரத்து உச்சிக்குத்தான் ஏறுவான். இப்ப போன் பண்ணா, 'நல்லாருக்கேம்மா'ன்னு வெச்சிடறான். மொகத்தையாவது பாக்கலாம்னுதான் வர்றேன்."

கீழே மறுபடியும் நாலாவது வாய்ப்பு. மறுபடியும் உதை. வால்ட் எழுந்தான். "இவன எவ பெத்தாளோ."

பெர்னா திரும்பினாள். "நான்தான்யா பெத்தேன். இப்ப என்னங்கற?"