சப்ஜெக்ட் அக்காவின் சொந்த அறிக்கை

சோதனைக்கு உட்காருகிறவருக்குச் சோதனையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்த முதல் வாரமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விதி இது. அப்படி உட்காருகிறவருக்கு சப்ஜெக்ட் என்று பெயர். ஆளைத் தேடிக் கூட்டிவருவது மாணவியின் பாடு. தோழி வரலாம், பக்கத்து வீட்டு அண்ணி வரலாம். வருகிறேன் என்றவர்கள் வராமல் போனால், ஆய்வுக்கூடத்தின் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் அக்காவைக் கூப்பிட்டால் போதும்.

அவள் அந்தத் துறையின் உதவியாளர். காலை எட்டரைக்குப் பூட்டைத் திறப்பது, கருவிகளைத் துடைத்து வைப்பது, மூன்று மாடிக்கும் துடைப்பமும் வாளியுமாக ஏறி இறங்குவது, மாலை ஐந்துக்குப் பூட்டுவது என்று இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு மாணவிக்கு ஆள் கிடைக்காமல் போக, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே விடவில்லை. சப்ஜெக்ட் அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரத்தின் கோட்டின் மேல் பென்சில் ஓட்டுகிற சோதனை ஒன்று உண்டு. புதிதாக வருகிறவர்களுக்குக் கை இடமும் வலமுமாகப் பிசகும். அக்காவுக்கு அது வாசலில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி. பிள்ளைகள் கெஞ்சுவார்கள்: "அக்கா, முதல் தடவை ஒரு பத்து தப்பு விடுங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கோங்க." தப்பு குறைந்துகொண்டே வந்தால்தான் வரைபடம் புத்தகத்தில் உள்ளபடி வரும். எந்தச் சோதனைக்கு எத்தனை தப்பு விட வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஞாபகச் சோதனைக்கான அர்த்தமில்லாத சொற்களை அவள் தூக்கத்தில் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வாள்.

சப்ஜெக்ட்டின் வயது மாணவியின் வயதை ஒட்டி இருக்க வேண்டும் என்பதால் ரெக்கார்டு நோட்டில் அவளுக்கு எப்போதும் பத்தொன்பது வயது, இரண்டாம் ஆண்டு. உண்மையில் ஐம்பத்து மூன்று வயது, எட்டாம் வகுப்பு. "ஊருக்கெல்லாம் வயசு ஏறுது, நீ மட்டும் பொண்ணு பாக்க வர்ற வயசுலயே நிக்கிற" என்று அவள் கணவர் சிரிப்பார். அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்துச் சிரிப்பு அது.

பக்கத்து சமூகவியல் துறைப் பிள்ளைகளும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். வீட்டில் முடிவெடுப்பது யார் என்று கேட்பார்கள். "கேஸ் தீர்ந்தா நான். மத்தபடி முடிவெடுக்கற அளவுக்கு வீட்ல ஒண்ணும் நடக்கலையே" என்பாள். அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லாததால் 'கருத்து இல்லை' என்பதில் டிக் விழும். படிவங்களைப் பார்த்தால், அந்தக் கல்லூரி இருபத்திரண்டு வருடமாக ஆராய்ந்த பெண்ணுக்குக் கருத்தே கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. அன்றிலிருந்து அவளுக்கு விடிவது நாலு மணிக்கு. அவரை எழுப்பி, துடைத்து, உடுத்தி, ஊட்டி, ஏழு மாத்திரைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, பகலுக்கு வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஓடுவாள். மாலையில் மறுபடியும் முதலிலிருந்து.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் அவள் மாத்திரை கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்து, கொடுக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் கொடுத்தாள். அவர் ஏதோ முனகினார். அவர் முனகுவது புதிதில்லை. "சரி சரி, முழுங்குங்க" என்று டம்ளரைச் சாய்த்தாள். பத்து மணிக்கு எதிர்வீட்டுக்காரி கல்லூரிக்குப் போன் செய்தாள். ரத்த அழுத்தம் இறங்கி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஒரே மகள் வேறு ஊரில் குடித்தனம். போனில் அழுதாள், பிறகு அழுகை கோபமாக மாறியது. "அம்மா, போன மாசம் சாவியப் பூட்டுலயே விட்டுட்டு வந்தேன்னு சொன்ன. குழாயத் திறந்து விட்டுட்டு வந்தேன்னு சொன்ன. இப்ப இது. உனக்கு ஞாபகம் போகுதும்மா. லீவு விட்டதும் வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போயிடறேன்." மகள் வீடு இரண்டு அறை. அதில் மாமியார், மாமனார், பிள்ளைகள் இரண்டு. அப்பாவைக் கூடத்தில் ஒரு தடுப்பு போட்டுப் படுக்க வைக்கலாம் என்றாள். அம்மா எங்கே படுப்பாள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவர் இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாபகம் போகிறதா இல்லையா? அவளுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. போகிறது என்றால் அவரைத் தன் கையில் வைத்திருக்க அவளுக்கே தைரியம் இல்லை. ஒரு டாக்டரிடம் போனாள். அவர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்றும் வருடா வருடம் பிள்ளைகள் வேறொரு சோதனையில் அவளிடம் கேட்கிற அதே சொற்கள். அவர் முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். "பிரமாதம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் அனுப்பிவைத்தார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். உலகத்தில் இருக்கிற எந்த ஞாபகச் சோதனையும் தன்னைப் பிடிக்காது என்று தோன்றியது. கேள்வித்தாளை முன்கூட்டியே படித்துவிட்டவளைப் பரீட்சை என்ன செய்யும்?

மூன்றாம் ஆண்டில், எல்லாரும் நத்தை என்று கூப்பிடுகிற ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் ரெக்கார்டு முடித்துக் கையெழுத்து வாங்கிய பிறகு இவள் அளவுகோலைத் தேடுவாள். துறைத்தலைவி திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டார். அவளுக்கு ஞாபகச் சோதனை இன்னும் பாக்கி இருந்தது. அவளாக வந்து கேட்டபோது அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"உக்கார்றேன். ஆனா புத்தகத்துல இருக்கற வார்த்த வேணாம். நீயே புதுசா எழுதிட்டு வா. நான் எங்கயும் கேட்டிருக்கக் கூடாது."

"அய்யோ, புத்தகத்துல இருக்கறதத்தான்கா போடணும். மார்க் போயிடும்."

"மார்க்குக்கு வேற ஒரு தடவை உக்கார்றேன். அதுல பத்தொம்போது வயசு. இதுல என் வயசு."

எதற்கு என்று நத்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆய்வுக்கூடம் காலியாக இருந்தது. நத்தை பன்னிரண்டு அட்டைகள் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல். அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவேன், பிறகு ஞாபகம் இருப்பதைச் சொல்ல வேண்டும், இப்படி ஆறு முறை என்று விதிகளைப் படித்தாள். அந்த விதிகளை அக்கா அவளுக்கே சொல்லிக்கொடுத்திருக்க முடியும். ஆனாலும் ஒரு வரி விடாமல் கேட்டாள். அடுத்த அட்டையில் என்ன வரும் என்று தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

முதல் முறை மூன்று சொல். இரண்டாம் முறை ஐந்து. பிறகு ஆறு. நாலாம் முறையும் ஆறு. ஐந்தாம் முறை ஐந்தாக இறங்கியது. ஆறாம் முறை நாலுதான் வந்தது. நாலாவது சொல்லைச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"எத்தனை வரணும்?" என்று கேட்டாள்.

நத்தை புத்தகத்தின் பின்பக்க அட்டவணையைப் பிரித்தாள். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை, கல்லூரி மாணவர்கள் என்று போட்டிருந்தது. "உங்களுக்கு இதுல கட்டம் இல்லக்கா" என்றாள் மெதுவாக.

அங்கேயும் இல்லை. அக்கா எழுந்து மர அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள். ஒவ்வொரு வருடமும் நன்றாக எழுதப்பட்ட ஒரு ரெக்கார்டை அடுத்து வருகிறவர்கள் பார்ப்பதற்காகத் துறையில் வைத்துக்கொள்வார்கள். பூச்சி உருண்டை போட்டு அவற்றைக் காப்பாற்றி வருகிறவள் அவள்தான். அடியிலிருந்து ஒன்றை உருவினாள். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடத்து நோட்டு. அந்த மாணவிக்குப் பொய் எழுதத் தெரிந்திருக்கவில்லை. வயது முப்பத்தொன்று, படிப்பு எட்டாம் வகுப்பு, தொழில் உதவியாளர் என்று முத்து முத்தான எழுத்து. அதே ஞாபகச் சோதனை: மூன்று, ஐந்து, ஆறு, எட்டு, எட்டு, ஒன்பது.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நத்தை வெகுநேரம் பார்த்தாள். வேறு யாராவது என்றால் ஒன்பதையும் நாலையும் பார்த்துவிட்டு உச் கொட்டியிருப்பார்கள்.

"மொத மூணு தடவை அப்பவும் இப்பவும் ஒண்ணுதான்கா. அதுக்கப்புறந்தான் விழுது. அப்ப காலையில பத்து மணின்னு போட்டிருக்கு. நீங்க இன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க?"

"நாலுக்கு."

"அப்ப பன்னெண்டு மணி நேரமா நின்னுட்டு இருக்கீங்க. ஒரு பத்து நிமிஷம் கண்ண மூடி உக்காருங்க. அப்புறம் ஒரு தடவை பாத்துடலாம்."

களைப்பும் ஓய்வும் என்ற சோதனையில் இப்படித்தான் செய்வார்கள். அதிலும் நூறு முறை உட்கார்ந்திருக்கிறாள். பத்து நிமிடம் ஓய்வு என்றால் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் நேரத்தை மாற்றி எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா மேசையில் தலை சாய்த்தாள்.

விழித்தபோது மணி ஐந்தேகால். நத்தை எதிரே உட்கார்ந்து ஒரு வரைபடத்துக்குப் பொறுமையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊர் பஸ் போயிருக்கும். எழுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "நான் எதுலக்கா வேகம்?" என்றாள்.

அட்டைகளை மறுபடியும் காட்டினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஒன்பது.

கீழே காவலாளி கேட்டை ஆட்டிச் சத்தம் கொடுத்தார். நத்தை தாளின் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தாள். சப்ஜெக்ட்டின் சொந்த அறிக்கை என்று அதற்குத் தலைப்பு. சோதனையின்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று அவரையே கேட்டு, அவர் சொன்னபடி எழுத வேண்டிய இடம். 'ஆர்வத்துடன் பங்கேற்றார்' என்று பிள்ளைகள் தாங்களாகவே எழுதிவிடுவார்கள். பழைய நோட்டில் மட்டும் அவள் சொன்னது அப்படியே இருந்தது: விளையாட்டு மாதிரி இருந்தது, இன்னொரு தடவை கொடுத்தாலும் செய்வேன்.

"சொல்லுங்கக்கா."

அக்கா பேனாவைப் பார்த்தாள். "அசதியா இருக்குன்னு எழுதிக்கோ."

நத்தை எழுதினாள். பேனாவை மூடவில்லை. மேலே சொல்லலாம் என்பது போல இருந்தது. அக்கா சொன்னாள். காலையில் படுக்கைவிரிப்பை மாற்றுவதிலிருந்து ஆரம்பித்து, மாத்திரை, வாளி, மாடிப்படி, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கியது, மகளிடம் போனில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது என்று, ஓர் ஒழுங்கும் இல்லாமல். தாளின் மறுபக்கமும் நிறைந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது.

வீட்டுக்குப் போகத் தாமதமாகிவிட்டது. கணவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம்கூடக் கழுவாமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். எனக்கு ஞாபகம் போகவில்லை, அசந்துபோயிருக்கிறேன், அவ்வளவுதான் என்றாள். அவர் ஏதோ சொன்னார். வழக்கம்போலச் சரி சரி என்று எழுந்திருக்கப் பார்த்தவள், உட்கார்ந்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவர் ஒவ்வொரு எழுத்தாக வாயைக் கோணிச் சொன்னார்.

"அன்னைக்கே... சொன்னேன். ரெண்டாவது தடவைன்னு."

அந்த முனகல் அவள் காதில் இப்போதுதான் வந்து விழுந்தது. கையும் காலும் போனவருக்கு ஞாபகம் போகவில்லை. இரண்டு வருடமாக எந்த மாத்திரை எப்போது என்று படுத்தபடி கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றும் தெரியாதவர் என்று அவரை உட்கார வைத்துத் தானே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தது அவள்தான்.

மகளிடம் மறுநாள் பேசினாள். சண்டை போடவில்லை. அப்பா இங்கேயே இருக்கட்டும், லீவுக்கு நீ வந்து நாலு நாள் இரு, நான் தூங்க வேண்டும் என்றாள். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள் மகள். யார் கேட்டார்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரை டப்பாவை அவர் மடியில் வைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை இடது பக்கம் வைத்தாள். அவர் இடது கையால் மாத்திரை அட்டையை எடுத்துப் பல்லில் கடித்துப் பிரித்து முதல் மாத்திரையை எடுக்கவே மூன்று நிமிடம் ஆனது. இரண்டாவது கீழே உருண்டது. அவள் கை தானாக நீண்டது. "நான்" என்றார் அவர். கையை மடக்கிக்கொண்டு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் தரையில் பாதி தூரம் வந்திருந்தது. டம்ளர் காலியாக இருந்தது, டப்பா மூடியிருந்தது. அவள் எண்ணிப் பார்க்கவில்லை. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.