மன்னிக்கு முன் ஒரு வாய்

எங்கள் அண்ணா வலியசாலையில் பிறந்து, தம்பானூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெறும்வரை, அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாதவர். தங்கை சொல்கிறேன், இதில் மிகையில்லை. அவர் மனைவி, எங்கள் மன்னிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபிறகுதான் சமையலறைக்குள் வந்தார்.

சிகிச்சையில் மன்னிக்கு வாயெல்லாம் புண். எடை இன்னும் குறைந்தால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது, புளியும் மிளகாயும் கூடாது என்றார் டாக்டர். கடைக் காய்கறியை நம்பாத அண்ணா மொட்டைமாடியில் பைகளில் மண் நிரப்பிக் கீரை, வெண்டை, பயறு போட்டார். கிணற்றடியில் சேம்பு வைத்தார்.

முதல் சேம்பைப் பிடுங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். தேங்காயும் சீரகமும் அரைத்துக் கூட்டு வைத்தார். புளி விடாத சேம்பு அரிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. சுவாமிக்குக் காட்டும் முன் ருசி பார்க்கும் வழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது. நைவேத்யம் செய்துவிட்டு மன்னிக்குப் பரிமாறினார். மன்னி பேசாமல் இலையைக் காலி செய்தார். பிறகு தாம் உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும் அண்ணாவுக்குத் தொண்டை அரித்தது.

“ஏண்டி சொல்லலை? புண்ணு வாயோட எப்படிச் சாப்பிட்டே?”

“சுவாமிக்கும் இதைத்தானே காட்டினேள்? அவர் ஒண்ணும் சொல்லலை. நானும் சொல்ல வேண்டாம்னு இருந்துட்டேன்.”

அண்ணா சிரிக்கவில்லை. கிணற்றடியில் போய் நின்று அழுதார். அன்றுமுதல் சுவாமிக்குச் சோறும் பருப்பும் மட்டும்தான். கூட்டையும் கறியையும் தாம் ஒரு வாய் பார்த்தபிறகே மன்னிக்குப் போட்டார். ஆசாரம் பேசி முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். அண்ணா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மன்னி தேறினார்.

போன வருஷம் அண்ணா நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், மன்னிக்காக நான் கொண்டுபோன டிபன் பாக்ஸை வாங்கி, ஒரு வாய் பார்த்துவிட்டே நீட்டினார். “உப்பு கூடிப்போச்சு” என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அதை நினைத்தால் இன்றும் தாங்க முடியவில்லை.

அவரைக் கவனித்த டாக்டர்களுக்கும், ஆட்டோ பிடித்துக் கூடவே வந்த எதிர்வீட்டாருக்கும், காரியம் நடந்த பதிமூன்று நாளும் மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்துக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அண்ணா போனபின் மன்னி தமக்கென்று சமைப்பதை விட்டுவிட்டார். எடை மறுபடி குறைகிறது என்று டாக்டர் எச்சரித்தார். சென்ற வாரம் தாமாகவே மாடிக்குப் போய் வெண்டைக்காய் பறித்துவந்து கறி செய்தார். இலை முன் உட்கார்ந்தவர் கை வைக்கவில்லை.

“நீ ஒரு வாய் பாரேன்” என்றார்.

பார்த்தேன். “உப்பு கம்மி மன்னி” என்றேன்.

போட்டுக் கலந்துகொண்டு, முழுவதையும் சாப்பிட்டார்.