ஒரே ஞாயிறு, இரண்டு மேடை

மே மாதத்துத் திண்டிவனத்தில் யாரும் விரும்பி வெயிலில் நிற்க மாட்டார்கள். நான் இருபத்தைந்து வருடம் நின்றிருக்கிறேன், கழுத்தில் விசிலோடு. நோட்டீசில் விடுமுறை வேதாகமப் பள்ளி என்று அடிப்போம். பிள்ளைகளுக்கு அது வி.பி.எஸ். பத்து நாள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை. பாட்டு, கதை, மனப்பாட வசனம், காகிதத்தை வெட்டி ஒட்டுகிற கைவேலை, கிளம்பும்போது சுண்டலும் ஜூஸும். பத்தாம் நாள் மாலை பெற்றோரைக் கூட்டி நிறைவு விழா, நாடகம், பரிசு. மற்ற மாதங்களில் நான் கணக்கு டீச்சர். மே மாதத்தில் மட்டும் டைரக்டர். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது, அதிகாரம் உண்டு. அதிகாரம் எனக்குப் பிடிக்கும் என்று ஒப்புக்கொள்ள இந்த வயதில் என்ன கூச்சம்.

இன்றைக்கும் மைதா பசை காய்ச்சுகிற வாசனை எங்கிருந்தாவது வந்தால் எனக்கு அந்த ஆலய வளாகம்தான் நினைவுக்கு வரும். வேப்பமரத்தடியில் பாய் விரித்து ஆரம்ப வகுப்புக் குட்டிகள். வராண்டாவில் நடுப்பிள்ளைகள். பதின்மூன்று பதினான்கு வயதுக்காரர்கள் கோயிலுக்குள் கடைசி பெஞ்சில், பாட்டுக்குக் கை ஆட்டுவது தங்கள் கௌரவத்துக்குக் குறைச்சல் என்பதுபோல உம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் நாள் அவர்கள்தான் முன்னால் வந்து எல்லோருக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுப்பார்கள். வியர்த்த உள்ளங்கையில் கலர்த்தாள் சாயம் ஒட்டி, நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சிவப்புக் கையோடு வீட்டுக்குப் போவார்கள். அந்த இரைச்சலை நான் வாய்விட்டுத் திட்டினேன், மனதுக்குள் கொண்டாடினேன்.

எங்கள் ஆலயம் இருக்கிற மேட்டிலிருந்து ஒரு தெரு கீழே இறங்கினால் இன்னொரு சபை, தகரக் கூரை போட்டது. அங்கேயும் வி.பி.எஸ் நடக்கும், மாலை மூன்றிலிருந்து ஆறு வரை. நடத்துகிறவர் அந்தச் சபைப் போதகரின் மனைவி. எல்லோருக்கும் அவர் பாஸ்டரம்மா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சாந்தமாகப் பேசுவார், நினைத்ததை விடவே மாட்டார். காய்கறிக் கடையில் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வோம். அடுத்த கேள்வி, "உங்களுதுல எத்தனை பசங்க?" நான் நூற்று நாற்பது என்பேன். அவர் நூற்று முப்பது என்பார். நான் வெற்றியோடு கத்தரிக்காய் பொறுக்குவேன்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அது ஒரே நூற்று முப்பது.

அதற்கு நாங்களேதான் வழி செய்து கொடுத்திருந்தோம். புது நண்பரைக் கூட்டி வருகிற பிள்ளைக்கு அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவது இரண்டு இடத்திலும் வழக்கம். பிள்ளைகள் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். நீ காலையில எனக்குப் புது பிரண்டா வா, நான் சாயங்காலம் உனக்குப் புது பிரண்டா வர்றேன். காலையில் எங்கள் சிவப்பு ரிப்பன் கையில், கீழ்ச் சபையின் மஞ்சள் ரிப்பன் பையில். மாலையில் அது இடம் மாறும். எங்கள் சுண்டலையும் தின்று, அங்கே மல்லாட்டை என்று அவித்துத் தந்த வேர்க்கடலையையும் தின்று, இரண்டு இடத்து வசனத்தையும் ஒப்பித்து, இரண்டு அட்டையிலும் வானத்தையே ஒட்டி வைத்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பற்றி. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வீடு இரண்டு ஆலயத்துக்கும் நடுவில் உள்ள தெருவில். அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். எந்தச் சபைப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத குடும்பம். அவள் வாயைத் திறந்தால் வேப்பமரத்தில் காக்கைகூட அடங்கிவிடும். அப்படி ஒரு குரல், அப்படி ஒரு உச்சரிப்பு. அந்த வருட நாடகத்தில் அவளுக்கு ராணி வேடம் கொடுத்தேன். தன் ஜனங்களுக்காக ராஜாவிடம் போய் உயிர்ப்பிச்சை கேட்கிற ராணி. அவள் நடிப்புக்காகத்தான் கொடுத்தேன். அவள் மேடையில் நின்றால் அவள் தெருவே பார்க்க வரும் என்ற கணக்கும் எனக்கு இருந்தது. கணக்கு டீச்சர் அல்லவா.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, ஒத்திகை. ராணி மெதுவாக நடந்து வந்து ராஜாவின் முன் மண்டியிட்டாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். கையேந்திச் சொன்னாள்: "ஐயா, பானையில ஒரு பிடி மாவுதான் இருக்குது. அதத் தின்னுட்டு நானும் எம்புள்ளையும் சாவப்போறோம்."

அரண்மனையில் ஏது மாவுப் பஞ்சம்? ராஜா வேடம் போட்ட பையன் திருதிருவென்று விழித்தான். மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. கீழ்ச் சபை நாடகத்தில் பஞ்ச காலத்து விதவை அவள்தான். விழா ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. எங்களுடையதும் அதே ஞாயிறு, அதே ஆறு மணி.

"ரெண்டு எடத்துலயும் எப்பிடி நிப்ப?"

"உங்களுது மொதல்ல வந்தா நடிச்சிட்டு ஓடிப் போயிடலாம்னு இருந்தேங்க டீச்சர். சொன்னா ரெண்டு பேரும் எடுத்துடுவீங்களோன்னு பயமா இருந்திச்சி."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை எட்டு நாளாக அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு இரண்டு ஒத்திகைக்கும் போய் வந்திருக்கிறது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மேல் அல்ல, பாஸ்டரம்மாமேல். சுண்டல் வினியோகத்தைக்கூடப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனேன்.

பாஸ்டரம்மா அட்டையில் பானை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க சனிக்கிழம வெச்சிக்கலாமே டீச்சர்" என்றார்.

"நோட்டீஸ் அடிச்சாச்சு. பேசறதுக்கு விழுப்புரத்துல இருந்து ஆள் வராங்க. நீங்க வெச்சிக்குங்களேன்."

"எங்களுக்கும் பந்தல், மைக்கு எல்லாம் சொல்லியாச்சுங்களே. அரை மணி நேரம் தள்ளி ஆரம்பிக்கறதுன்னா, எங்காளுங்க சாயங்கால ஆராதனைக்கு இருக்கறவங்க, எழுந்து போயிடுவாங்க."

அரை மணி நேரம். அவர் தள்ளியிருக்கலாம், நான் முந்தியிருக்கலாம். ராணியின் கட்டத்தை நாடகத்தின் முதலில் வைத்து, நடித்து முடித்தவளைக் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் விட்டிருக்கலாம். ஒரு பிள்ளைக்காக இரண்டு தாய்மார் ராஜாவிடம் வழக்காடி, பிள்ளை பிழைத்தால் போதும் என்று பெற்றவள் விட்டுக்கொடுத்த கதையை எத்தனையோ வருடமாகச் சொல்லிக் கொடுத்த வாய் எங்கள் இரண்டு பேருடையதும். அன்றைக்கு மோர் டம்ளரை நடுவில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருத்திக்குக்கூட அந்தக் கதை ஞாபகம் வரவில்லை.

கடைசியில் மரியாதையாக ஒரு முடிவுக்கு வந்தோம். வற்புறுத்தக் கூடாது, அவள் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம். இது எங்கள் பெருந்தன்மை என்றே இருவரும் நம்பினோம். சனிக்கிழமை காலை நான் அவளிடம் சொன்னேன். "உனக்கு எது பிடிக்குதோ அங்க போம்மா. டீச்சர் கோவிச்சிக்க மாட்டேன்." மாலையில் பாஸ்டரம்மாவும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார். நான் அதோடு நிறுத்தவில்லை. ராணிக்காகத் தைத்திருந்த ஜரிகை வைத்த ஊதா உடையை அவள் தோளில் வைத்து அளவு பார்த்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

அவள் சரிங்க டீச்சர் என்றாள். உடையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், அவள் வரவில்லை. ஐந்தேமுக்காலுக்கு நான் மனதுக்குள் பாஸ்டரம்மாவைத் தாறுமாறாகத் திட்டிக்கொண்டே அவள் தெருவுக்கு ஓடினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து பாஸ்டரம்மா மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். இருவரும் ஒரே வாசலில் போய் நின்றோம். கீழே அவள் இருப்பதாக நானும், மேலே இருப்பதாக அவரும் நினைத்திருக்கிறோம்.

அவளுடைய அம்மா வாசலை மறித்தாற்போல நின்றார். "அவ விழுப்புரத்துக்கு அவங்க பெரியம்மா ஊட்டுக்குப் போயிட்டாங்க. மத்தியானம் பஸ்சுலயே."

"சொல்லாமயா போயிட்டா?" என்றேன்.

"கொழந்தைங்க, டீச்சர். என்னா சொல்லும்?"

அதற்குமேல் நிற்க நேரமில்லை. நான் மேலே போனேன், பாஸ்டரம்மா கீழே போனார். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஊதா உடையை ஒரு ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஊக்கு குத்தி மாட்டிவிட்டேன். அது மைக்கைப் பார்த்ததும் பாதி வசனத்தை மறந்து அழுதது. திரைக்குப் பின்னாலிருந்து நான் வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. கீழ்ச் சபையிலும் இதே கூத்து என்று மறுநாள் பிள்ளைகள் சொன்னார்கள். அங்கே விதவை வேடத்தைக் கடைசியில் பாஸ்டரம்மாவே போட்டாராம்.

மறுவாரம் அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த பரிசோடு போனேன். வீடு பூட்டியிருந்தது. விடுமுறை முடிகிறவரை அவள் பெரியம்மா வீட்டில் இருப்பாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அடுத்த வருடம் நானும் பாஸ்டரம்மாவும் பேசி, தேதியை முன்னும் பின்னுமாக மாற்றி வைத்தோம். அவள் இரண்டுக்கும் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. கடைத்தெருவில் என்னைக் கண்டால் சிரித்து வணக்கம் வைப்பாள், நிற்க மாட்டாள். பிறகு முண்டியம்பாக்கத்துப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒவ்வொரு மே மாதமும் ராணிக்கு ஆள் தேடும்போது அவள் ஞாபகம் வரும். ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாளே என்ற வருத்தம் பல வருடம் இருந்தது. அதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். கோடை வகுப்பு, நீச்சல், கராத்தே, செல்போன். எங்களிடம் முப்பது பேர், கீழே இருபத்தைந்து. அதிலும் பாதி அதே ஆட்கள் என்பதை இந்த முறை முதலிலேயே எண்ணிப் பார்த்துவிட்டோம். போன வருடம் இரண்டு சபையும் சேர்ந்து ஒரே வி.பி.எஸ் நடத்துவது என்று முடிவானது. எனக்கு முட்டி வலி, பாஸ்டரம்மாவுக்குச் சர்க்கரை. வேப்பமரத்தடியில் ஒரே மேசை போட்டு, சுண்டலா மல்லாட்டையா என்று சண்டை போட்டுக்கொண்டே பெயர் பதிந்தோம். எத்தனை சந்தோஷமாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. எதற்கு இத்தனை வருடம் தனித்தனியாக வெயிலில் காய்ந்தோம் என்றுகூட ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

அன்றைக்கு எட்டு வயதுப் பெண் குழந்தையோடு ஒருத்தி வந்து நின்றாள். லீவுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இப்ப ரெண்டு பேரும் ஒரே டேபிளா?"

பாஸ்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு எங்கள வுட்டுட்டு விழுப்புரம் போயிட்டியேம்மா."

"எங்க பாஸ்டரம்மா போனேன்? ஊட்டுக்குள்ளதான் இருந்தேன். மறுநாள்தான் அம்மா கூட்டிக்கினு போனாங்க. நீங்க ரெண்டு பேரும் வாசல்ல பேசிக்கினு இருந்தப்போ கதவுக்குப் பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தேன்." மகளின் தலையைத் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "ரெண்டு மைக்கும் எங்க ஊட்டுல நல்லா கேக்கும். மேல ராணி வந்தா ராணி வசனத்தச் சொன்னேன். கீழ அந்த விதவையம்மா வந்தா அதச் சொன்னேன். மனப்பாடம் பண்ணதாச்சே. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தப்போதான் பேஜாரா போச்சி."

"அப்ப எதைச் சொன்னே?"

கேட்டது நான். கேட்டிருக்கக் கூடாது. பாஸ்டரம்மாவும் பேனாவை வைத்துவிட்டு முன்னால் குனிந்து அவள் வாயையே பார்த்தார்.

"எதுவும் சொல்லலைங்க டீச்சர். ரெண்டு காதையும் பொத்திக்கினு உக்காந்துட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.