மூச்சுக்காரர்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை எல்லோரும் மூச்சுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் எலியை விட்டு, காற்றோடு கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அதற்கு மூச்சு எவ்வளவு கூடுகிறது என்று திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து அளப்பது அவர் வேலை.

அந்த வேலையில் பாதி, சும்மா உட்கார்ந்திருப்பதுதான். பெட்டிக்குள் போன எலி மோப்பம் பிடிக்கும், மீசையைத் துடைக்கும். அப்போது எடுக்கிற அளவு குப்பைக்குத்தான் போகும். அது சுருண்டு படுக்கிறவரை அறையில் ஒருவரும் தும்மக்கூடக் கூடாது. செருப்புச் சத்தத்தோடு வந்த இயக்குநரையே, "சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று அனுப்பிவைத்த ஆள்.

வீட்டில் மனைவிக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். இருமலுக்கு நடுவிலும் வாய் ஓயாது.

"ஊர்ல இருக்கிற எலிக்கெல்லாம் மூச்சு பாக்குறீங்க. பொண்டாட்டிக்கு என்னிக்காவது பாத்தீங்களா?"

"நீ பேச்ச நிறுத்து, பாக்குறேன்" என்பார் இவர்.

ஒரு விடுமுறை நாள் மதியம் அவள் பேச்சை நிறுத்தினாள். காலையிலிருந்து தலைவலி என்றவள், நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். முகம் சிவந்து, கை கதகதப்பாக இருந்தது. இரைப்பு இல்லை. பல நாளாகக் கண் மூடாதவள் ஆயிற்றே, அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஓசைப்படாமல் போய் வானொலியை அணைத்தார்.

மருந்தோடு வந்த மகள் அம்மாவின் தோளைத் தொடப் போனாள்.

"எழுப்பாத. இப்பத்தான் அடங்கித் தூங்குறா."

"அம்மா ஒரு மாதிரி இருக்காங்கப்பா."

"மூச்சப் பத்தி எனக்கே பாடமா? போம்மா."

மகள் போய்விட்டாள். சாயங்காலம் அவரே எழுப்பியபோது மனைவி கண் திறக்கவில்லை. மருத்துவமனையிலும் திறக்கவில்லை.

"நாள்பட்ட நோய்ல வெளிய போகாம உள்ளேயே தங்குற கரியமில வாயுவுக்கு உடம்பு பழகிடுங்க" என்றார் மருத்துவர். "மூச்சு வாங்காது, தூக்கம் மாதிரி மயக்கம்தான் வரும். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..."

மூச்சுக்காரருக்குத் தெரியாத விஷயமா? மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் எலி அப்படித்தான். வாயுவை எவ்வளவு ஏற்றினாலும் அதன் கோடு லேசில் அசையாது. அமைதியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஓதியவரே அவர்தான். ஊருக்குத்தான் உபதேசம். அந்த நாற்காலிப் பக்கம் நின்றபோது ஒரு தடவை அதை நினைத்துப் பார்த்திருக்கலாம். ஆயுசு முழுக்க அவரை அரித்தது இதுதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று தலைகுனிந்து காத்திருந்தார். திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"என்னை மன்னிச்சிடுங்கப்பா" என்றாள். "அன்னிக்கு நான் எழுப்பியிருக்கணும். உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."