சீதாலெட்சுமி வீட்டுக் கூரை

பக்கத்து வீட்டு சீதாலெட்சுமியைப் பற்றிச் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள்மேல் பொறாமை. வயிற்றெரிச்சல் என்றாலும் சரிதான். பதினோரு வருடம் எரிந்த வயிறு, ஒரே நாளில் அணைந்துவிடுமா என்ன?

அவள் பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதிலேயே பால்மரம் வெட்டப் போனவள். எழுபத்தெட்டில் கன்னையாவைக் கட்டிக்கொண்டு கிள்ளானில் நாங்கள் குடியிருந்த கிராமத்துக்கு, எங்கள் கம்பத்துக்கு, வந்தாள். வந்த மறுநாளே சட்டி வைக்க இடம் பத்தவில்லை என்று என் வீட்டு வாசலில் நின்று சிரித்தாள். எப்போது பார்த்தாலும் சிரிப்புத்தான். இரண்டு வீடும் ஒரே மாதிரி: பலகைச் சுவர், தகரக் கூரை, நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்து. அவளிடம் தையல் மெஷின் இருந்தது, என்னிடம் இல்லை. என்னிடம் ஃப்ரிட்ஜ் இருந்தது, அவளிடம் இல்லை. இப்படிச் சமமாக இருந்தவரைக்கும் நானும் நல்லவளாகத்தான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் விஜயன் துறைமுகத்தில் ஒரு கம்பெனிக்குக் கிரேன் ஓட்டினார். எப்போதும் நைட் ஷிஃப்ட். காலை எட்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, ஒன்பதுக்குப் படுப்பார். பத்து மணிக்கெல்லாம் தகரம் சுட்டுப் படபடவென்று வெடிக்கிற மாதிரி சத்தம் போடும். மின்விசிறியைப் போட்டால் அனல்தான் இறங்கும். நெஞ்சில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு புரண்டு புரண்டு படுப்பார். மழை வந்தால் குளிரும், ஆனால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் செத்தவன்கூட எழுந்துவிடுவான். மூன்று மணி நேரம் தூங்கினாலே அன்றைக்குப் பெரிய விஷயம்.

கன்னையாவுக்கு ஃபோம் அடிக்கிற வேலை. மீன் வைக்கிற குளிர் அறைகளுக்கு, குளிர் வெளியே ஓடாமல் இருக்கச் சுவரெல்லாம் அடிப்பான். இரண்டு ட்ரம் மருந்து, ஒரு மெஷின், நீளமான குழாய். தண்ணியாய்த்தான் வரும், சுவரில் பட்டதும் தோசை மாவு பொங்குகிற மாதிரிப் பொங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெட்டியாகிவிடும். எண்பத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளியிடம் கேட்டு மெஷினையும் மீந்த மருந்தையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கூரையின் அடிப்பக்கம் முழுக்க அடித்தான். கம்பமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

சாயங்காலம் என்னிடம் வந்தான். "அக்கா, ட்ரம்ல இன்னும் இருக்கு. நாளைக்கு மெஷின திருப்பிக் கொடுக்கணும். இப்பவே உங்க வீட்டுக்கும் அடிச்சிடுறேன். விஜயன் அண்ணன் பகல்ல தூங்கணும்லா."

நல்ல பிள்ளை. நானும் சரி என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பின்னால் நின்ற சீதாலெட்சுமி, "அடிச்சிக்குங்க அக்கா, எப்படியும் மிச்சம்தானே" என்றாள்.

மிச்சம்! முதல் பந்தி அவள் வீட்டுக்கு, மிச்சம் என் வீட்டுக்கு. நேற்று வந்தவள் வாரிக் கொடுப்பாள், நான் முந்தானையில் ஏந்த வேண்டும். சுருக்கென்று ஏறிவிட்டது எனக்கு.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம். அந்த நாத்தம் எனக்கு ஆகாது" என்று கதவைச் சாத்தினேன்.

விஜயன் அன்றைக்குச் செலாயாங்கில் அவர் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, "நமக்கும் கொஞ்சம் அடிச்சிருக்கலாமே?" என்றார்.

"ட்ரம் தீந்துபோச்சாம்" என்றேன்.

அவ்வளவுதான். மனிதர் அப்புறம் கேட்கவில்லை. ஒருவரிடம் போய்க் கேட்டு வாங்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அதற்குப் பிறகு அந்த வீடு என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! உச்சி வெயிலில் அவள் ஒரே ஒரு மின்விசிறியைப் போட்டுக்கொண்டு ரவிக்கை தைப்பாள். தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள், "உள்ள வந்தா எழுந்து போக மனசு வரலடி" என்று அங்கேயே உட்கார்ந்து கதை அடிப்பார்கள். மழை பெய்தாலும் அவள் வீட்டில் ரேடியோ கேட்கும். என் வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்த வேண்டும். ஆணி அடித்த ஓட்டைகளைக்கூட அந்த ஃபோம் அடைத்துவிட்டதாம், ஒரு சொட்டு ஒழுகியதில்லை. என் வீட்டில் வாளியும் பேசினுமாய் வைத்து, நனைந்த பலகையை மூன்று முறை மாற்றினோம். கரண்ட் பில்லும் அவளுக்குத்தான் குறைவு.

அந்த ஃபோம் உதிர்ந்துவிடும், எலி கடித்துவிடும் என்று நானும் காத்திருந்தேன். தீபாவளிக்கு முறுக்குத் தட்டைக் கொடுக்கப் போனால், முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பேன். அதன் மஞ்சள் கொஞ்சம் தேத்தண்ணி நிறமானதே தவிர, ஒரு துண்டு கீழே விழவில்லை. என் கண்ணே படவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஒருமுறை அவளே சந்தில் என்னை நிறுத்தி, "அக்கா, அண்ணன் பகல்ல எங்க ஹால்ல வந்து படுத்துக்கட்டுமே. நான் பின்னாடி உக்காந்து தைக்கிறேன்" என்றாள்.

"என் புருஷன் படுக்க என் வீடு இருக்கு. உன் வேலையப் பாரு" என்றேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது. அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

தொண்ணூற்று நான்கில் ஒரு நாள் விடியற்காலை, கிரேனில் உட்கார்ந்தபடியே விஜயன் கண்ணயர்ந்துவிட்டார். இறக்கிக்கொண்டிருந்த கன்டெய்னர் பெட்டி லோரியின் தலைமேல் இறங்கி நசுக்கிவிட்டது. லோரிக்காரர் கையெழுத்துப் போடக் கீழே இறங்கியிருந்தார், உயிர் தப்பினார். கம்பெனி விஜயனை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் கிரேனிலிருந்து இறக்கி, பகல் வேலையாய் கேட்டில் உட்காரவைத்து, வண்டி நம்பர் எழுதச் சொல்லிவிட்டது. பத்தொன்பது வருடம் மேலே உட்கார்ந்திருந்தவர்.

"தூங்கிட்டேன் தங்கமணி" என்று மட்டும் சொன்னார். அதையே நான்கைந்து தடவை சொன்னார்.

மறுநாள் சீதாலெட்சுமி வீட்டுக் கதவைத் தட்டினேன். "கன்னையாவ வரச் சொல்லு. என்ன ஆகுதோ காசு கொடுத்துடுறேன், கூரைக்கு அடிக்கணும்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன்கிட்ட நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா. வீட்ல சண்டை வரும்னு இவரையும் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நான் அன்னிக்கே சொல்லியிருந்தா அண்ணனுக்கு இது வந்திருக்குமா? தப்பு என்னுதுதான்."

பாருங்கள்! நான் செய்த தப்பைக்கூட எனக்கு விடாமல் அவளே எடுத்துக்கொண்டாள். கையை உதறிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை கன்னையா வந்து அடித்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. மறுநாள் மதியம் விஜயன் பாயில் மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. வீட்டுக்குள் ஜில்லென்று இருந்தது.

"அன்னிக்கு ட்ரம் தீராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"தீரல" என்றேன். "அடிக்கிறேன்னுதான் வந்தான். நான்தான் வேணாம்னேன். அவ மிச்சம்னு சொல்லிட்டா, எனக்குப் பொறுக்கல."

"சீதாலெட்சுமிக்குத் தெரியுமா?" என்றார்.

"எல்லாம் தெரியும். அவதான் கன்னையாவையும் சொல்ல விடல."

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் என்னைக் கீழ இறக்கியிருக்கீங்க" என்றார்.

ரெண்டு பேரும். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவளும் நானும் ஒரே தட்டில் நின்றோம். சிரிப்புக்கூட வந்திருக்கும். அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினேன். ஈரத் துண்டு எதுவும் இல்லாமலே அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது.