மரத்தடியில் எந்தப் பக்கம் திரும்புவது

அல்பேனியாவில் எங்கள் பெர்மெட் ஊரில் சாயங்காலமானால் பெரிய தெருவில் வண்டிகளை மறித்துவிடுவார்கள். பிறகு ஊரே இறங்கி, சதுக்கத்திலிருந்து ஆற்றோரச் சினார் மரம்வரை நடக்கும், திரும்பும், மறுபடி நடக்கும். இதற்குப் பெயர் ஜிரோ. கடல் தாண்டி வந்த இத்தாலிக்காரன் விட்டுப்போன சொல். அவனுக்கு அது வெறும் ‘ஒரு சுற்று’. நாங்கள்தான் அதற்குள் என்னென்னவோ அடைத்துவிட்டோம். பையனும் பெண்ணும் ஜிரோ போனால் கல்யாணப் பேச்சு. சண்டைக்காரர்கள் போனால் சமாதானம். கடையின் விற்றுமுதலும் ஜிரோதான். கொறிக்கிற விதை விற்கும் என் கடைக்கு அது வாய்த்ததே இல்லை, அந்த வயிற்றெரிச்சல் இப்போது வேண்டாம். ஆனால் ஒண்டியாக நடந்தால் அதை எவரும் ஜிரோ என்று சொல்ல மாட்டார். மருந்துக் கடைக்குப் போகிறாள் என்பார்கள்.

கிளியோனிக்கி தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்தவள். பக்கத்து இயந்திரம் அவள் தோழி எவ்ஜெனியுடையது. வேலை விட்டு வந்ததும் கோத்துக்கொண்ட கைகள், ஆலையே மூடிய பிறகும் பிரியவில்லை. கிரீஸுக்கு வேலைக்குப் போன கிளியோனிக்கியின் புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டான், படுபாவி. அந்த வாரமும் இருவரும் தலை நிமிர்ந்து ஜிரோவுக்கு வந்தார்கள். என்னிடம் ஒரே பொட்டலம் பூசணி விதை வாங்கி ஆளுக்குப் பாதி கொறிப்பார்கள்.

போன இலையுதிர் காலத்தில் எவ்ஜெனியின் மகள் வந்து, தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளைக் கிரீஸிலுள்ள யானினாவுக்கு அழைத்துப் போய்விட்டாள். அதோடு கிளியோனிக்கியையும் தெருவில் காணோம்.

எங்கள் ஊரில் ஒருத்தி ஜிரோவுக்கு வரவில்லையென்றால் ஒன்று அவளுக்குச் சீக்கு, இல்லை வேண்டியவர் யாரோ சாவு. சீக்கு இல்லையென்று மருந்துக் கடைக்காரி சொல்லிவிட்டாள். அப்படியானால் எவ்ஜெனிதான் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு காப்பித்தூள் பொட்டலத்தோடு துக்கம் கேட்கக் கிளம்பினோம். துக்க வீட்டில் அதைச் சர்க்கரையில்லாமல் குடிப்பது எங்கள் வழக்கம்.

கதவு திறந்ததுமே, எங்களில் வாய் நீண்ட பொலிக்செனி கிளியோனிக்கியைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நீயாச்சும் நல்லா இருடி. அவ நிம்மதியாப் போய்ட்டா.”

“யாரு போனா?”

“எவ்ஜெனிதான்…”

“உன் வாயில மண்ணு விழ! காலைலதான் பேரன் குண்டி கழுவின கதைய போன்ல அரை மணி நேரம் அளந்தா. செத்தவளா அளப்பா?”

எல்லோரும் அசடு வழிந்தோம். கிளியோனிக்கி பொட்டலங்களைத் திருப்பிக் கையில் திணித்தாள். “கொண்டு போங்க. சாவு விழுந்தா சொல்லி அனுப்பறேன்.” மற்றவர்கள் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். நான் மட்டும் நின்றேன்.

“அப்புறம் ஏன்டி வெளிய வரல?”

“யாரோட வர?”

“பொலிக்செனி கூட்டத்தோட போயேன்.”

“ஏற்கெனவே நாலு பேரு. ஓரத்துல தொத்திக்கிட்டுப் போகச் சொல்றியா?”

“அப்ப ஒண்டியா வா. எவ என்ன சொல்றான்னு நான் பாத்துக்கறேன்.”

“ஊருக்கு யாரு பயந்தா, அத்தினா? மரம் வரைக்கும் போய்டுவேன். அங்க எந்தப் பக்கம் திரும்ப? அவ நின்ன இடத்துலயே திரும்புவா. நான் வெளிப்பக்கமா அவளச் சுத்தி வருவேன்.”

“அவ வந்துடுவாடி.”

“மகளுக்கு அடுத்ததும் உண்டாயிருக்காம். எங்க வர?”

“நாளைக்கு நான் வரேன்” என்றேன். ஊர் நடப்பதைக் கடையில் உட்கார்ந்து பார்த்தே கிழவியானவள் நான். ஜிரோவில் நடந்தது கிடையாது.

மறுநாள் கடையைப் பூட்டினேன். கிளியோனிக்கி இஸ்திரி போட்ட கோட்டோடு வந்தாள். கை கோத்தோம்.

“என்ன அத்தினா, கடைய வித்துட்டியா?” என்றாள் பொலிக்செனி.

“உன்னையும் சேத்து வித்துட்டேன்!”

கிளியோனிக்கி சிரித்தாள். ஒரே பொட்டலத்தில் இருவரும் கொறித்தோம். பரவாயில்லையே, தேறிவிட்டாள் என்றுகூட நினைத்தேன். சினார் மரம் வந்தது. அவள் வெளிப்பக்கமாகச் சுற்ற, கழுதை நானும் வெளிப்பக்கமே திரும்பினேன். முழங்கை இழுபட்டுத் தோளோடு தோள் மோதி விதையெல்லாம் தரையில் கொட்டியது.

“கண்ணு தெரியலையாடி உனக்கு!” என்று சிரித்தவள் சட்டென்று நின்றாள். “அவ இப்படித் திரும்ப மாட்டா” என்றாள். பிறகு அழுதாள். ஊர் எங்கள் இருபுறமும் விலகி நடந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அந்தக் காப்பித்தூள் இன்னும் இருக்கா?”

“கடையிலதான் இருக்கு.”

“எடுத்துட்டு வா.”

அவள் வீட்டு அடுப்பில் காப்பி பொங்கி வந்தது. நான் அலமாரியைத் துழாவினேன். “சர்க்கரைய எங்கடி வெச்சிருக்க?”

“வேண்டாம்” என்றாள்.

இருவரும் கசக்கக் கசக்கக் குடித்தோம்.