வேலியில் நான் வளர்த்த கொடி

இங்கே வேலைக்குள் நுழையும் முன் காற்றில் குளிக்க வேண்டும். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஆலையின் பெயின்ட் ஷாப் வாசலில், உடம்பில் ஒட்டிய தூசி போவதற்காக ஏர் ஷவர் என்றொரு சின்ன அறை உண்டு. கதவு பூட்டிக்கொள்ளும், நாலு பக்கமிருந்தும் காற்று வீசியடிக்கும், பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் தூசியோடு வளர்ந்த எனக்கு மூன்று வருடமாகியும் அது பழகவில்லை. மாசியில் ஒரு காலை, காற்று நின்றதும் என் கழுத்து தீப்பட்டதுபோல் அரித்தது. பக்கத்தில் நின்ற செல்வியும் கையைச் சொறிந்தாள். அவள் ஆலைக்குப் பக்கத்து வல்லம் வடகால்காரி, என் லைனில் வேலை செய்பவள். மாஸ்கிங் டேப்பை என் கழுத்தில் ஒட்டி இழுத்தாள். டேப் முழுக்கப் பொன்னிறத்தில் மெல்லிய சுணை.

"இன்னாடி, பூனைக்காலில பூந்துகினு வந்தியா? வேலில வெல்வெட்டு காயோட படருமே, அந்தக் கொடி. சொறியாத. கண்ணுல மட்டும் பட்டுது, அவ்ளோதான்."

பயந்தால் நான் பட்டியல் போடுவேன். கையுறையின் மேலேயே எழுதினேன். ஒன்று, கொடி என் வேலியில். இரண்டு, அதை ஒட்டித்தான் துணிக்கயிறு. மூன்று, அதே கயிற்றில் ஜெனியின் சட்டைகள். ஜெனி, நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எஸ்தர் அக்காவின் எட்டு மாதக் குழந்தை. இரண்டு நாளாக மேலெல்லாம் சிவந்து அழுதுகொண்டிருந்தது. வேர்க்குரு என்று பவுடர் போட்டிருந்தார்கள். நான்காவதாகக் 'கண்' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

சூப்பர்வைசரிடம் ஓடி, குழந்தைக்கு ஆபத்து, வீட்டுக்குப் போகணும் என்றேன். "உனக்கு இன்னும் கல்யாணமே ஆவலியேம்மா?" என்றார். இன்னொருத்தர் குழந்தைக்கு கேட் பாஸ் கிடையாதாம். டீ பிரேக்கில் போன் அடித்தேன். எஸ்தர் அக்கா எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. கம்பெனி பஸ்ஸோ ஷிஃப்ட் முடிந்தால்தான் கிளம்பும்.

அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான். எங்கள் ஊரில் வேலி என்றால் முள். இங்கே அதுவாக முளைத்து ஊதாப் பூப்பூத்த பச்சையைப் பார்த்து மயங்கிவிட்டேன். கயிறு கட்டி ஏற்றிவிட்டேன். பிஞ்சு பிடித்ததும் படமெடுத்து அனுப்பினேன். "அவரை மாதிரிலா இருக்கு" என்றாள் அம்மா. வெல்வெட் போல் இருந்த காய்கள், வெயில் ஏற ஏறக் காய்ந்து பழுப்பாயின. இது என்ன கொடி என்று ஒருமுறைகூட நான் யாரையும் கேட்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, ஜெனி எஸ்தர் அக்காவின் இடுப்பில் இருந்தபடி முஷ்டியால் கண்ணைத் தேய்க்கப் போனது. பாய்ந்து கையைப் பிடித்தேன். சட்டையைக் கழற்றி, செல்வி கொடுத்தனுப்பிய டேப்பால் விரல் விரலாக, மடிப்பு மடிப்பாக ஒற்றி எடுத்தேன். கண் சிவக்கவில்லை. அதை மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.

"இது பூனைக்காலின்னு உங்களுக்குத் தெரியும்லா, ஏங்க்கா புடுங்கல?" என்று கேட்டேன்.

"நீதான தண்ணி ஊத்திகினு இருந்த? படிச்ச பொண்ணு, அந்த வெதைய மருந்துக்கு எடுக்கப் போறன்னு நெனச்சேன். காய் காஞ்சிட்டத நான் கவனிக்கல." சொல்லும்போதே அழுதுவிட்டார். இந்த ஊர்க்காரி, ஆபத்தென்றால் பிடுங்கியிருப்பாள் என்று நானும், தெரியாமலா வளர்க்கிறாள் என்று அவரும், ஆளுக்கொரு பக்கமாக அந்தக் கொடியைக் காவல் காத்திருக்கிறோம்.

அழுகை கோபமாகி, தீப்பெட்டியோடு வேலிக்குப் போனார்.

"வேணாம்க்கா! சூட்டுல சுணை கிளம்பிக் காத்தோட பறக்கும்!" அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். ஜெனியைப் பக்கத்து வீட்டில் விட்டோம். ரெயின்கோட், கண்ணாடி, இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டேன். வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்துச் சுணை பறக்காமல் நனைத்து, வெட்டி, ஈரச் சாக்கில் கட்டி, வேரோடு பெயர்த்துக் குழியில் புதைத்தேன். உதிர்ந்த விதைகள் எத்தனை என்று மட்டும் பட்டியலில் எழுத முடியவில்லை.

மறுநாள் ஜெனி அழாமல் தூங்கியது. எஸ்தர் அக்கா துணிக்கயிற்றை முன்வாசலுக்கு மாற்றிக் கட்டினார். என் சுடிதாருக்குப் பக்கத்தில் குழந்தையின் சட்டைகள் மறுபடி தொங்கின. ஒவ்வொன்றையும் டேப்பால் ஒற்றிப் பார்த்துத்தான் நான் உள்ளே எடுத்துப்போகிறேன்.

சித்திரையில் லீவுக்கு ஊருக்குப் போனேன். பூனைக்காலி முளைக்காத கரிசல் மண். முள்வேலியில் காய்ந்த சேலையை எடுத்துவரச் சொன்னாள் அம்மா. எடுத்தேன். உதறாமல், மூச்சை அடக்கிக்கொண்டு, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

"அதுல என்னத்தட்டி தேடுத?" என்றாள்.

இன்னொரு கை, பையில் இருந்த டேப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.